மூன்றாவது வரி

தாமசுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமென்றால் மத்தியாஸ் செத்திருக்க வேண்டும். இவ்வளவு பச்சையாக தாமஸ் இதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை. ஆனால் போர்ட் பிளேரில் மரைன் ஹில்லிலிருந்து மின்னி பே வரைக்கும் இருந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் விஷயம் தெரியும். கோயிலுக்கு வெளியே நின்று பேச ஆரம்பித்தால் மழை, மீன் விலை, மெயின்லேண்ட் கப்பல் எப்போது வரும் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் தாமசிடம்தான் வந்து நிற்பார்கள்.

மத்தியாஸ் அரசாங்க லாஞ்சில் சுக்கானியாக இருந்தவன். சுக்கான் பிடிக்கிற வேலை. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதத்தில், கார் நிக்கோபாருக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போன 'ஜல்பரி' என்கிற அந்த லாஞ்ச் பத்து டிகிரி கால்வாய் என்கிற கடல் இடைவெளியில் புயலில் மாட்டிக்கொண்டது. ஏழு பேர் போனார்கள். ஒரு பலகையும் மூடி கழன்ற ஒரு பீப்பாயும் மட்டும் கரைக்கு வந்தன. ஆறு குடும்பங்கள் அழுது ஓய்ந்து, அவரவர் வழக்கப்படி காரியங்களை முடித்தன. மினிக்காய்த் தீவிலிருந்து வந்திருந்த, லாஞ்சுக்குத் தலைவனான சாரங்கின் வீட்டில் தொழுகை நடந்தது. லாஞ்சில் எடுபிடி வேலை பார்த்த லஸ்கர் குழந்தைவேலுவின் மனைவி விசாலாட்சி கருமாதி செய்தாள். ராஞ்சிக்காரன் லாக்ராவுக்கு அவனுடைய தாய் இறந்தவர்களுக்கான பூசை வைத்தாள். மத்தியாசின் தாய் அன்னம்மாள் மட்டும் எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

அவளைப் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. இந்தத் தீவில் அந்த மாதிரி நடந்திருக்கிறது. இன்ஜின் நின்றுபோன ஒரு மீன்பிடிப் படகு காற்றோடு போய் பர்மாக் கரையில் ஒதுங்கி, அதிலிருந்தவர்கள் அங்கே ஜெயிலில் கிடந்து, ஊரே மறந்துபோன பிறகு ஒரு காலை கப்பலிலிருந்து இறங்கி வந்தார்கள். அதில் ஒருவன் தன் வீட்டுக்குப் போகிற வழியில் அன்னம்மாளிடமே மீன் வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கு மீன் நிறுத்துக் கொடுத்த கை, மகனுக்குக் காரியம் செய்யுமா? மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போய், கடலில் பயணம் போயிருக்கும் மகன் மத்தியாஸ் சுகமாகத் திரும்பி வர வேண்டும் என்று பூசை கேட்பாள். கோவாக்காரரான ஃபாதர் பின்டோ அதை இந்தியில் வாசிப்பார். வாசிக்கும்போது அவர் குரல் கொஞ்சம் தாழும்.

மத்தியாசின் மனைவி கிளாரா மரைன் பட்டறையில் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தாள். கப்பல்களுக்கான கொடிகளும் தைப்பாள். அவள் கொட்டகைக்குப் பக்கத்தில்தான் கொல்லன் உலை. தாமஸ் கல் வேலைக்காரன், தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கல்லறைக்குச் சிலுவை, அரசாங்கத்துக்கு எல்லைக்கல், ஆபீஸ் கட்டடத்துக்கு அடிக்கல் என்று எது வந்தாலும் வெட்டுவான். உளி மழுங்கினால் காய்ச்சி அடித்துத் தோய்ச்சல் போட அந்த உலைக்குத்தான் வர வேண்டும். இரண்டு வருஷமாக அவன் உளி கொஞ்சம் அடிக்கடி மழுங்கியது. கொல்லன் சிரித்துக்கொண்டே அடித்துக் கொடுப்பான். நாற்பது வயதில் ஒரு மனிதனுக்கு இப்படியெல்லாம் ஆகிறது.

கிளாராவுக்கும் சம்மதம்தான். ஆனால் அவள் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தாள். மின்னி பேயில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. அன்னம்மாள் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் கிளாரா என்றைக்கோ கிளம்பியிருப்பாள். அவளோ மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் மீன் வியாபாரத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறவள். அப்படிப்பட்டவளிடம் போய் உன் மகன் இனி வரமாட்டான், நான் வேறொருத்தரைக் கட்டிக்கொள்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

தாமஸ் ஃபாதரிடம் போய் நின்றான். ஃபாதர் நல்ல மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மாதாமாதம் ஒரு தாய் தன் மகன் உயிரோடு வர வேண்டுமென்று பூசை கேட்கிறாள், நான் வாசிக்கிறேன். அதே வாயால் அவன் பெண்டாட்டிக்கு நான் எப்படிக் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பேன்? அந்தத் தாய் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இறந்த மகனுக்காகப் பூசை கேட்கட்டும். மேலிடத்துக்கு எழுத வேண்டியதை நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். தாமஸ் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

இப்படி இருக்கும்போதுதான், கடல் பணியில் உயிர் விட்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் கட்ட அரசாங்கம் முடிவு செய்தது. மரைன் ஹில்லுக்குக் கீழே, கடல் சுவரை ஒட்டி இடம். துறைமுகத்து அடிமண்ணிலிருந்து எடுத்த பழைய நங்கூரம் ஒன்றை நிறுத்தி, அதன் பீடத்தில் ஒரு கருங்கல் பலகை பதித்து, ஜல்பரியின் ஆட்கள் பெயரைப் பொறிக்க வேண்டும். தீவில் நல்ல கருங்கல் கிடையாது. பலகை சென்னையிலிருந்து கப்பலில் வைக்கோல் சுற்றி வந்தது. வேலை தாமசுக்கு வந்தது. வேறு யாருக்கு வரும், தீவில் எழுத்து வெட்டத் தெரிந்த கை அது ஒன்றுதானே.

காரியம் முழுவதையும் பார்த்துக்கொண்டவர் ஹெட் கிளார்க் கிருஷ்ணமூர்த்தி. கும்பகோணத்துக்காரர். சூடு கண்ட பூனை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தார்களே, அவர்களுக்கு முன்பு நடந்த இரங்கல் கூட்டத்தில் உருக்கமாகத் தீர்மானம் வாசித்தவர் அவர்தான். திரும்பி வந்தவர்களில் ஒருவன் ஆபீசுக்கே வந்து, என்னைப் பற்றி அவ்வளவு நல்லபடியாகப் பேசினீர்களாமே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவர் யாரையும் லேசில் சாக விடுவதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் வீட்டார் சம்மதம் எழுத்தில் வேண்டும், மனைவி இருந்தால் மனைவி, தாய் இருந்தால் தாயும், என்று சொல்லிவிட்டார்.

ஆறு வீடுகளில் சம்மதம் வந்தது. ஏழாவது வீட்டுக்குத் தாமசையே கூட்டிக்கொண்டு போனார், வழி காட்டுவதற்கு. தாமசுக்கு அந்த வழி தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. கிளாரா, மாமியார் ரேகை வைத்தால் பக்கத்தில் தானும் கையெழுத்துப் போடுவதாகவும், முதலில் போட மாட்டேன் என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முதலில் கையெழுத்துப் போட்டால், புருஷனை மையில் முக்கிக் கொன்றாள் என்று ஊர் சொல்லும். அன்னம்மாள் கட்டை விரலைச் சேலைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

"கல்லுல பேரு வெட்டிட்டா, அவன் வந்து நிக்கும்போது யாரு வந்து அழிப்பிய?" என்று கேட்டாள்.

கிருஷ்ணமூர்த்தி மைப்பெட்டியை மூடிவிட்டார். வெளியே வந்து, ஆறு பெயர் போதும், பலகை முழுக்கச் சமமாகப் பிரித்துப் போட்டுவிடு என்று தாமசிடம் சொன்னார்.

இங்கேதான் தாமஸ் ஒரு காரியம் செய்தான். கல்லில் எழுத்து வெட்டுகிறவன் முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன்பே கடைசி எழுத்து எங்கே நிற்கும் என்று தீர்மானித்துவிட வேண்டும். பலகையைக் கிடத்தி, ஈரத் துணியால் துடைத்து, சுண்ணாம்பு தோய்த்த நூலை இழுத்து அடித்து வரி பிரிக்க வேண்டும். ஆறு பெயர் என்றால் ஒரு பிரிப்பு, ஏழு பெயர் என்றால் வேறு பிரிப்பு. வெட்டிய பிறகு மாற்ற முடியாது, காகிதமா கிழித்துப் போட? தாமஸ் நூலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குந்தியிருந்தான். ஆறாகப் பிரித்தால் மத்தியாசுக்கு இந்தக் கல்லில் இனி எந்தக் காலத்திலும் இடமில்லை. அப்படியென்றால் தனக்குக் கல்யாணமும் இல்லை. ஏழாகப் பிரித்து நூல் அடித்தான்.

பெயர்கள் பதவி வரிசையில் வர வேண்டும் என்பது உத்தரவு. முதலில் சாரங்கு, அடுத்தது இன்ஜின் டிரைவர், மூன்றாவது சுக்கானி, அதன் பிறகு லஸ்கர்கள். அதனால் காலியான வரி அடியில் ஓர் ஓரமாக ஒதுங்கவில்லை. மேலே இரண்டு, கீழே நான்கு, நடுவில் மூன்றாவது வரி வழுவழுவென்று கறுப்பாக, வரிசையில் ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

திறப்பு விழாவுக்கு முன்னால் பலகையை மூட ஒரு வெள்ளைத் துணி தேவைப்பட்டது. அதைத் தைத்தவள் கிளாரா. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தாமஸ் அவளிடம் சொல்லவில்லை. பெரிய அதிகாரி வந்தார், பாண்டு வாத்தியம் முழங்கியது, கயிற்றை இழுத்தார்கள், துணி விழுந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. பெயர்ப் பட்டியலை மட்டும் சரிபார்த்து, கல்லைப் பார்க்காமல் விட்ட கிருஷ்ணமூர்த்திக்கு முகம் வெளிறிவிட்டது. அதிகாரி, நடுவில் என்ன காலி என்று கேட்டார். பாவம், அந்த மனிதர் நின்ற நிலையில் ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். இன்னும் செய்தி தெரியாத ஒரு பணியாளருக்காக மரியாதையாக விடப்பட்ட இடம், சார், என்றார். அதிகாரிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தன் பேச்சிலேயே அதைச் சேர்த்துக்கொண்டார். மறுநாளிலிருந்து கிருஷ்ணமூர்த்தியும் அது தன்னுடைய யோசனை என்றே நம்ப ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலமே கிளாரா உலைப் பக்கம் வந்து தாமசைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கு அந்த எடத்த விட்டிய?"

தாமஸ் உளியை உலையில் செருகினான்.

"ஆறு பேரு போட்டிருந்தா எல்லாரும் பாத்துட்டுப் போயிருப்பாவ. இப்ப ஊரே அந்தக் காலி எடத்தத்தான் பாக்கு. குழிய வெட்டி வச்சிக்கிட்டு எப்ப வருவான்னு காத்திருக்க மாதிரி இருக்கு, தெரியுமா?"

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. அவள் சொன்னது தாமசுக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது உண்மை. அவன் காத்துக்கொண்டுதான் இருந்தான்.

இதைவிடப் பெரிய அடி மறுநாள் மத்தியானம் வந்தது. அன்னம்மாள் ஒரு தூக்குவாளியோடு, கடல் சுவருக்கு எதிரே இருந்த அவன் கல் கொட்டகைக்கு வந்தாள். உள்ளே பாறை மீன் குழம்பு. தேங்காய் அரைத்து ஊற்றி, மாங்காய் போட்டு, ஊரில் வைக்கிற மாதிரியே வைத்திருந்தாள். இந்த ஊரில் என் மகன் வருவான் என்று நம்புகிறவன் நீ ஒருத்தன்தான், அதனால்தான் அவன் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறாய் என்றாள். தாமஸ் என்ன செய்வான்? சாப்பிட்டான். ருசியான குழம்பு அது, அதுதான் கொடுமை. அன்றிலிருந்து வாரம் தவறாமல் தூக்குவாளி வந்தது. ஊரிலும் அவனுக்கு நல்ல பெயர். தாய் மனசை மதித்தவன் என்று கோயில் வாசலில் வயதானவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். தட்டு வாங்கிய தோளைத் தூக்கிக்கொண்டு நடக்க அவனுக்குக் கூசியது.

அன்னம்மாள் தினமும் மீன் விற்றுவிட்டு வருகிற வழியில் நங்கூரத்தடியில் கூடையை இறக்கிவிட்டுச் சற்று உட்காருவாள். எழுத்துத் தெரியாதவளுக்கு அந்தக் கல்லில் வாசிக்கக் கூடிய ஒரே வரி அந்தக் காலி வரிதான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அந்த வழுவழுப்பை ஒரு தடவை தடவிப் பார்ப்பாள். இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டு எழுந்து போவாள்.

நினைவுச் சின்னம் என்று அரசாங்கம் கட்டியதை மக்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, சுடுகாட்டுச் சாம்பலும் கிடையாது. கல் வந்ததும் அதுவே எல்லாமாக ஆயிற்று. விசாலாட்சி அமாவாசைக்கு வந்து எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு, குழந்தைவேலுவின் பெயரில் ஒரு பூவைச் செருகிவிட்டுப் போவாள். சாரங்கின் தம்பி கப்பலிலிருந்து இறங்குகிற போதெல்லாம் வந்து நின்று கையேந்தி ஓதுவான். அன்னம்மாள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, தனக்கு அதில் வேலை இல்லை என்பது போல.

நவம்பர் இரண்டாம் தேதி ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. கத்தோலிக்கர்கள் அன்று கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். லாக்ராவின் தாய் ஒரு கட்டு மெழுகுவர்த்தியோடு கடல் சுவருக்கு வந்தாள். நெற்றியில் பச்சை குத்திய, மெலிந்த ராஞ்சிக்காரி. மகன் பெயருக்குக் கீழே ஒன்றை ஏற்றினாள். பிறகு, எல்லோரும் ஒரே படகில் போனவர்கள்தானே என்று நினைத்தாளோ என்னவோ, சாரங்குக்கு ஒன்று, டிரைவருக்கு ஒன்று என்று மேலிருந்து ஒவ்வொரு பெயருக்காகப் பீடத்தில் ஒட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரிக்கும் ஒன்று ஒட்டினாள். அன்னம்மாள் எழுந்து போய் அந்தச் சுடரை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தாள். கொட்டகை வாசலில் உளியைச் சாணை பிடித்துக்கொண்டிருந்த தாமஸ் இதைப் பார்த்தான். ஓடிப்போகலாமா என்று நினைத்தான், போகவில்லை.

ராஞ்சிக்காரி கோபப்படவில்லை. மண்டியிட்ட இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்து, தீவின் இந்தியில் மெல்லக் கேட்டாள். என் பையனுக்கு ஏழு வருஷமாகப் பூசை வைக்கிறேன், அவன் இந்நேரம் மோட்சம் போய்ச் சேர்ந்திருப்பான். உன் பையனுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். 

உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஒன்று இருப்பதாக ஞாயிறு மறைக்கல்வியில் கேட்டு வளர்ந்தவள் அன்னம்மாள். இறந்தவர்களின் ஆத்துமா அங்கே நெருப்பில் கிடக்கும். தானாக அதனால் வெளியே வர முடியாது. பூமியில் உள்ளவர்கள் பூசை வைத்து, ஜெபம் சொல்லித்தான் கைதூக்கிவிட வேண்டும். பெற்றவள் கேட்டால் சீக்கிரம் கேட்கும் என்பார்கள். அவள் ஏழு வருஷமாகப் பர்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை அவன் பர்மாவில் இல்லையென்றால்? மற்ற ஆறு பேருக்கும் யாராவது ஒருவர் கை கொடுத்து, ஒவ்வொருவராகப் போய்விட்டிருந்தால், அவன் மட்டும் தனியாக அங்கே கிடந்து, அம்மா கேட்பாள், அடுத்த வெள்ளிக்கிழமை கேட்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தால்? இந்த நினைப்பு வந்ததும் அவள் நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தான் அணைத்த மெழுகுவர்த்தியை வெகுநேரம் பார்த்துவிட்டு, பக்கத்துச் சுடரில் காட்டி அதைத் திரும்ப ஏற்றினாள். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றி, கையைக் குவித்து மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கிருஷ்ணமூர்த்தியின் மேஜைக்கு முன்னால் போய் நின்று கட்டை விரலை நீட்டினாள். கிளாராவும் கூட வந்திருந்தாள். பக்கத்தில் அவளும் கையெழுத்துப் போட்டாள். அன்று பகலிலேயே தாமஸ் உளிகளோடு கடல் சுவருக்கு வந்தான்; அன்னம்மாளும் கிளாராவும் கூட வந்தார்கள்.

நிறுத்திய கல்லில் வெட்டுவது கடினம். சில்லு தெறித்தால் மேல் வரி கெட்டுப்போகும். தாமஸ் சுண்ணாம்பில் எழுத்துகளை வரைந்துவிட்டு உளியை வைத்தான்.  இரண்டு வருஷமாக இந்த நேரத்துக்காகக் காத்திருந்தவன் அவன். அது வந்தபோது சந்தோஷம் வரவில்லை. மத்தியாசை அவன் பார்த்ததுகூடக் கிடையாது. இருந்தும், ஒரு மனிதனை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. உளியை எடுத்துவிட்டான்.

"பெரியம்மா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த எடத்த நான் விட்டது, நீங்க நெனைக்க மாதிரி இல்ல."

"தெரியும்லே," என்றாள் அன்னம்மாள். கல்லுக்கு அடியில் உட்கார்ந்து முந்தானையை விரித்துப் பிடித்திருந்தாள், தூசு விழுகிற இடத்தில்.

"என்ன தெரியும்?"

"இவளுக்காவத்தான் விட்ட. நான் என்ன குருடியா? தொறப்பு விழா அன்னைக்கே தெரியும்."

தாமஸ் உளியைக் கீழே வைத்தான். அப்புறம் எதற்கு வாரா வாரம் குழம்பு என்று கேட்டான்.

"வாயில மீனு இருந்தா நீ பேச மாட்டீல்லா, அதுக்குத்தான்."

கிளாரா சிரிக்கப் பார்த்து, அது வராமல், திரும்பிக் கடலைப் பார்த்து நின்றாள். அன்னம்மாள் அவளைப் பார்க்காமலே பேசினாள். குரலில் வீம்பு இல்லை.

"அவன் செத்துட்டான்னு நான் ஒத்துக்கிட்டா, இவளும் வீட்ட விட்டுப் போயிருவா. ரெண்டையும் ஒரே நாளுல எப்படிலே ஒத்துக்க? அதான் இழுத்துக்கிட்டே கெடந்தேன். என் சொகத்துக்கு அவன நெருப்புல போட்டு வச்சிருந்திருக்கேன். சரி, வெட்டு. ஆழமா வெட்டு, உப்புக் காத்துல அழியாம."

தாமஸ் வெட்டினான். அன்று வெட்டிய எழுத்துகள் மற்ற ஆறு பெயர்களைவிட ஆழமானவை. இப்போதும் போய்த் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தெரியும். கருங்கல் தூசு வெள்ளையாகக் கொட்டி அவள் முந்தானையில் விழுந்தது. ஒரு துளிகூடக் கீழே சிந்தாமல் அவள் நகர்ந்து நகர்ந்து ஏந்திக்கொண்டாள். வெட்டி முடித்துத் துடைத்ததும், அவள் எழுந்து கடல் சுவர் ஓரத்துக்குப் போனாள். சவ அடக்கத்தில் குழிக்குள் ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவார்கள். பெற்றவளுக்கு அது கிடைக்காமலே போயிருந்தது. கல் தூசிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தண்ணீரில் போட்டாள். கிளாராவைக் கூப்பிட்டு அவளையும் ஒரு பிடி போட வைத்தாள். பிறகு மீதியைத் தாமசிடம் நீட்டினாள். அவன் தயங்கினான். போடுலே, நீயும் வீட்டு ஆளுதான என்றாள். அவனும் போட்டான். தூசு தண்ணீரில் ஒரு கணம் பால் மாதிரி மிதந்து, அலையில் கலைந்து போயிற்று.

அந்த மாதம் அன்னம்மாள் பூசை கேட்டாள், இறந்த மகன் மத்தியாசின் ஆத்தும இளைப்பாற்றிக்காக. ஃபாதர் அதை இந்தியில் வாசித்தார். ஃபாதர் மேலிடத்துக்கு எழுதினார். பதில் கப்பலில் வந்து சேர நாளாயிற்று. கல்யாணம் நடக்காத தவக் காலமும் குறுக்கே வந்தது. அது முடிந்து, உயிர்ப்புத் திருநாளான பாஸ்கா கழிந்த ஒரு ஞாயிறன்று முதல் ஓலை வாசித்தார்கள். ஃபாதர் இந்தியில் வாசித்துவிட, உபதேசியார் தமிழில் வாசித்தார். காலஞ்சென்ற மத்தியாசின் கைம்பெண் கிளாராவும் தாமசும் மெய்விவாகம் செய்துகொள்ள இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்றார். காலஞ்சென்ற மத்தியாஸ் என்று அத்தனை பேர் நடுவில் தமிழில் அவன் பெயர் ஒலித்தது அதுதான் முதல் தடவை.

கோயில் மொத்தமும் பெண்கள் பக்கம் திரும்பி அன்னம்மாளைப் பார்த்தது. ஆண்கள் வரிசையில் இருந்த தாமஸ் மட்டும் குனிந்துகொண்டான். அவனுக்குக் காது மட்டும் இருந்தது.

"என்னத்தப் பாக்கிய?" என்றாள் அன்னம்மாள், முக்காட்டைச் சரிசெய்தபடி. "அங்க பாருங்க, பூசை நடக்கு."

எல்லோரும் பீடத்தின் பக்கம் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்த கிளாராவின் கையை எடுத்து அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பூசை முடிகிற வரைக்கும் அதை விடவில்லை.